அப்பப்பாவின் கணக்குக் கொப்பி: இலங்கை ரூபாய்க்கும் இந்திய ரூபாய்க்கும் இடையிலான பழைய மாற்று வீதங்கள்

உப்புவெளி வாசகி – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை மத்திய வீதியில் ஒரு புடைவைக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் அப்பப்பா, இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த தம் தாயாருக்கும், தாயார் காலமான பின் தங்கைக்கும், செலாவணிக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டு இடையிடையே பணம் அனுப்பி வந்தார். அந்தக் கணக்கை அவர் எழுதி வைத்த கொப்பி, சென்ற மாதம் வீட்டுக் கூரையை மாற்றும்போது ஒரு தகரப் பெட்டிக்குள்ளிருந்து எங்களுக்குக் கிடைத்தது. ஒவ்வொரு வரியிலும் திகதி, "இங்கு கட்டியது", "அங்கு கிடைத்தது" என்று மூன்று நிரல்கள் உள்ளன. அனுப்புக்கூலியை அவர் வேறு பக்கத்தில் எழுதியிருப்பதால் இந்தத் தொகைகளில் அது கலக்கவில்லை. சில வரிகளை இங்கே தருகிறேன்.

12.3.1959 – 150 – 150
4.6.1966 – 200 – 200
28.6.1966 – 100 – 157.50
10.1.1968 – 100 – 126
16.12.1968 – 100 – 87.50
14.10.1969 – 100 – 81.29
19.4.1978 – 100 – 54

முதலில் சமமாக இருந்தது, மூன்றே வாரத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறி, பிறகு இறங்கி, இறுதியில் பாதிக்கு வந்து நிற்கிறது. இணையத்தில் உள்ள நாணயமாற்றுக் கணிப்பான்கள் அண்மைய சில பத்தாண்டுகளுக்கு மட்டுமே விடை தருகின்றன. அப்பப்பா எழுதியவை உண்மையான வீதங்கள்தானா, அல்லது இடையில் யாரோ கூடவோ குறையவோ கொடுத்த பணமா என்று அறிய விரும்புகிறேன்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். 4.6.1966 பதிவுக்கு எதிரே, வேறு மையில், "சனி" என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடுகள் கீறியிருக்கிறார். கொப்பி முழுவதிலும் எண்களுக்கு வெளியே உள்ள ஒரே சொல் அதுதான். அந்தக் காலத்தில் அவருக்கு ஏழரைச் சனி நடந்ததாக மாமி சொல்கிறார். பணக் கணக்கில் சனிபகவானுக்கு என்ன வேலை என்று விளங்கவில்லை.

உவர்மலை ஓய்வாளர்

பிள்ளை, உங்கள் அப்பப்பா நேர்த்தியான கணக்கப்பிள்ளை. நீங்கள் தந்திருக்கும் எண்களில் ஒன்றுகூடத் தவறில்லை. வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கல் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் இதைத் துணிந்து சொல்கிறேன்.

இலங்கை ரூபாய்க்கும் இந்திய ரூபாய்க்கும் இடையே எவரும் உட்கார்ந்து பேசி ஒரு வீதத்தை நிர்ணயிப்பதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். அக்காலத்தில் இரண்டும் தனித்தனியே ஸ்டேர்லிங் பவுணுக்கும் அதன் வழியாக டொலருக்கும் கட்டப்பட்டிருந்தன. பிற்காலத்தில் டொலரே நேரடி அளவுகோலாயிற்று. ஆகவே கொழும்பில் ஒரு பவுணுக்கு எத்தனை ரூபாய், பம்பாயில் ஒரு பவுணுக்கு எத்தனை ரூபாய் என்று பார்த்து, பின்னதை முன்னதால் வகுத்தால் உங்களுக்கு வேண்டிய விடை வந்துவிடும். 1959 இல் இரண்டு இடங்களிலும் ஒரு பவுண் 13 ரூபாய் 33 சதம். அதாவது ஒரு ரூபாய்க்கு 1 சிலிங் 6 பென்ஸ். வகுத்தால் ஒன்று. 150 கட்டினால் 150 கிடைத்தது அதனாலேயே.

1966 ஜூன் 5 இரவு இந்திய அரசு தன் ரூபாயின் மதிப்பை இறக்குவதாக அறிவித்தது. ஜூன் 6 முதல் அது நடைமுறைக்கு வந்தது. டொலர் 4.76 இலிருந்து 7.50 ஆகவும், பவுண் 13.33 இலிருந்து 21 ஆகவும் ஆயின. 1965 போரும், மழை பொய்த்த விளைச்சலும், உதவி தரும் நாடுகளின் நெருக்குதலும் சேர்ந்து இந்திரா காந்தியின் அரசை அந்த முடிவுக்குத் தள்ளின. இதை 36.5 வீத மதிப்பிறக்கம் என்று சிலரும், 57.5 வீதம் என்று வேறு சிலரும் எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ரூபாய் எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் முதலாவது, டொலரின் விலை எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் இரண்டாவது. டட்லி சேனநாயக்கவின் அரசு அப்போது இந்தியாவைப் பின்தொடரவில்லை. இலங்கையில் பவுண் 13.33 ஆகவே நின்றது. 21 ஐ 13.33 ஆல் வகுத்துப் பாருங்கள், 1.575 வரும். அப்பப்பாவின் 157.50 சதக் கணக்கில்கூடப் பிசகவில்லை.

1967 நவம்பர் 18 இல் பிரித்தானியா தன் பவுணை 2.80 டொலரிலிருந்து 2.40 டொலருக்கு இறக்கியது. இந்தியா இம்முறை அசையவில்லை. ஆகவே அங்கு பவுண் 21 இலிருந்து 18 ரூபாய்க்கு மலிந்தது. இலங்கையோ நான்கு நாட்களில், நவம்பர் 22 இல், பவுண் இறங்கிய 14.3 வீதத்தையும் தாண்டி, 20 வீதம் இறங்கியது. நம் தேயிலையின் பெரிய சந்தை இலண்டனாக இருந்த காலம் அது. பவுண் மலிந்த பின்பும் நம் ரூபாய் பழைய இடத்திலேயே நின்றிருந்தால் தோட்டங்களுக்கு ரூபாய்க் கணக்கில் வருமானம் குறைந்திருக்கும். டொலர் 5.95 ஆகவும், பவுண் 14.29 ஆகவும் ஆயின. 18 ஐ 14.29 ஆல் வகுத்தால் 1.26. ஜனவரி 1968 இல் நூறுக்கு 126 வந்த கணக்கு இது.

இதை எழுதும்போது மலையகத்திலிருந்து சென்றவர்களின் நினைவு வருகிறது. 1964 அக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா செல்லும் ஒரு குடும்பம் எடுத்துச் செல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்று இலங்கை ஏற்றுக்கொண்டிருந்தது. அந்த 4000 ரூபாய், ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் அங்கும் 4000. 1966 ஜூனுக்கும் 1967 நவம்பருக்கும் இடைப்பட்ட பதினேழு மாதங்களில் உத்தியோகபூர்வ வீதப்படி 6300. அதன் பின் 5040. தலைமன்னாரில் எந்த மாதம் கப்பல் ஏறினார்கள் என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பு இப்படி மாறியது. இந்திய விலைவாசியும் அதே காலத்தில் ஏறியதால் கூடுதல் தொகை முழுவதும் இலாபம் என்று சொல்ல முடியாது.

1968 மே மாதத்துக்குப் பிந்திய பதிவுகள் வேறு கணக்கு. அதைத் தனியாக எழுதுகிறேன். சோதிடம் எனக்குத் தெரியாது.

கிண்ணியா ஆசிரியர்

ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அதைப் படிப்பவர்கள், 1966 வரை இலங்கை ரூபாய் இந்திய ரூபாயோடு கட்டப்பட்டிருந்தது என்றும், இந்தியா இறங்கியபோதுதான் கட்டு அவிழ்ந்தது என்றும் எண்ணிவிடக் கூடும். பாடநூல்களை ஒட்டி எழுதப்பட்ட குறிப்புகளிலும் இந்தத் தவறைக் கண்டிருக்கிறேன். கட்டு அவிழ்ந்தது அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பு.

ஒரு காலத்தில் இரண்டும் ஒரே நாணயம்தான். 19 ஆம் நூற்றாண்டில் தோட்டத் தொழிலாளரோடும் அரிசி வாணிகத்தோடும் தென்னிந்தியாவின் வெள்ளி ரூபாய் இலங்கைக்குள் பெருகி வந்து, பிரித்தானிய சிலிங்கைப் புழக்கத்திலிருந்து ஒதுக்கிவிட்டது. அரசு அதை ஏற்றுக்கொண்டு, 1872 ஜனவரி 1 முதல் ரூபாயையும் அதன் நூறில் ஒரு பங்கான சதத்தையும் கணக்கின் அடிப்படையாக்கியது. இந்தியா அணா, பைசா என்று 1957 வரை எண்ணிக்கொண்டிருக்க, நாம் அதற்கு 85 ஆண்டுகள் முன்பே நூறில் எண்ணத் தொடங்கிவிட்டோம் என்பது மாணவர்களுக்கு நான் விரும்பிச் சொல்லும் செய்தி. 1884 இல் ஓரியண்டல் வங்கி முறிந்து அதன் நோட்டுகளை வைத்திருந்தவர்கள் திண்டாடிய பிறகு, நோட்டு வெளியிடும் பொறுப்பு தனியார் வங்கிகளிடமிருந்து அரசின் நாணய ஆணையாளர் சபைக்கு வந்தது. அந்தச் சபை இந்திய ரூபாயைக் கையிருப்பாகக் கொண்டு, ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் இலங்கை ரூபாயை வெளியிட்டது. அதன் பிறகு இந்திய ரூபாய் எங்கு போனாலும் நம் ரூபாயும் கூடவே போயிற்று. 1893 இல் இந்திய நாணயச் சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை வாங்கி நாணயமாக்குவதை நிறுத்தியபோதும், ரூபாய் 1 சிலிங் 4 பென்ஸில் நிலைபெற்றபோதும், 1927 இல் அது 1 சிலிங் 6 பென்ஸ் ஆனபோதும் நம்மை யாரும் கேட்கவில்லை.

1949 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்க நாணய விதிச் சட்டம் இதை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன் கீழ் இலங்கை மத்திய வங்கி 1950 ஆகஸ்ட் 28 இல் தொடங்கியது; ரூபாயின் மதிப்பு 2.88 கிறெயின் தூய தங்கம் என்று வரையறுக்கப்பட்டது. இந்திய ரூபாய் அந்த வரையறையில் எங்கும் இல்லை. அதற்குப் பிறகும் 16 ஆண்டுகள் இரண்டும் சமமாக இருந்ததற்குக் காரணம், இரண்டு நாடுகளும் தத்தம் பழைய அளவை மாற்றாமல் இருந்தமைதான். ஒரே உயரமுள்ள இரண்டு தென்னைகளை ஒன்றோடொன்று கட்டியிருக்கிறார்கள் என்று எண்ணுவது போன்றது மற்ற விளக்கம்.

ஒருவர் இறங்கி மற்றவர் நின்றால் என்ன ஆகும் என்பதை இந்தப் பகுதி அதற்கு முன்பே பார்த்திருந்தது. 1949 செப்டெம்பரில் பவுண் 4.03 டொலரிலிருந்து 2.80 க்கு இறங்கியபோது இந்தியாவும் இலங்கையும் கூடவே இறங்கின, பாகிஸ்தான் மறுத்துவிட்டது. நூறு பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்றாகி, இரு நாடுகளுக்கும் இடையிலான சணல் வாணிகம் முடங்கியது. 1966 இல் உங்கள் அப்பப்பா கண்டது அதன் சிறிய பதிப்பு.

உப்புவெளி வாசகி

இருவருக்கும் நன்றி. ஐயா, இரண்டு கணக்குகளையும் வகுத்துப் பார்த்தேன்; சரியாக வருகிறது. ஆனால் 1968 ஜனவரியில் 126 கிடைத்த நூறு ரூபாய்க்கு அதே ஆண்டு டிசம்பரில் 87.50 தான் கிடைத்திருக்கிறது. அந்த ஆண்டில் இரு நாடுகளுமே தம் நாணயத்தின் மதிப்பை மாற்றவில்லையே? இடையில் யாரோ கையை வைத்துவிட்டார்கள் என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார்.

உவர்மலை ஓய்வாளர்

அப்பாவிடம் சொல்லுங்கள், கையை வைத்தது அரசாங்கம். அதையும் வர்த்தமானியில் அறிவித்துவிட்டுத்தான் செய்தது.

1968 மே மாதத்தில் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ்த் திட்டம் என்று ஒன்று வந்தது. டொலரின் உத்தியோகபூர்வ விலை 5.95 ஆகவே இருக்கும். ஆனால் அந்த விலையில் செலாவணி வாங்க வேண்டுமானால், அரிசி, மா, சீனி, மருந்து போன்ற இன்றியமையாப் பொருட்களை இறக்குபவர்களைத் தவிர மற்றவர்கள் ஒரு சான்றிதழையும் சேர்த்து வாங்க வேண்டும். சான்றிதழின் விலை, வாங்கும் செலாவணிப் பெறுமதியில் முதலில் 44 வீதம். நாட்டுக்குச் செலாவணி கொண்டு வருபவர்களுக்கு அந்தச் சான்றிதழ் ஊக்கத் தொகையாகக் கிடைத்தது. ஆனால் நாட்டின் ஏற்றுமதிகளில் முதுகெலும்பாக இருந்த தேயிலை, இறப்பர், தெங்குப் பொருட்களுக்கு அது இல்லை. அதாவது ஒரே நாளில், ஒரே வங்கியின் ஒரே மேசையில், டொலருக்கு இரண்டு விலைகள். ஆள் யார், பொருள் என்ன என்று பார்த்துத்தான் வீதத்தைச் சொல்ல வேண்டும்.

குடும்பத்துக்கு அனுப்பும் பணம் சான்றிதழ் தேவைப்படும் பக்கத்தில் விழுந்தது. ஆகவே 126 ஐ 1.44 ஆல் வகுக்க வேண்டும், 87.50 வரும். 1969 ஜூலையில் சான்றிதழ் விலை 55 வீதமாயிற்று. 126 ஐ 1.55 ஆல் வகுத்தால் 81.29. அடுத்த பக்கங்களில் 1972 நவம்பருக்குப் பிந்திய பதிவுகள் இருந்தால் 65 வீதம் என்று கொள்ளுங்கள். ஆனால் அங்கே 126 என்ற அடிப்படையே மாறிவிடும். 1971 ஆகஸ்டில் அமெரிக்கா டொலருக்குத் தங்கம் தருவதை நிறுத்திய பிறகு பவுண், டொலர், ரூபாய் எல்லாம் தத்தம் வழியில் நகரத் தொடங்கின. இந்தியா பவுணோடு நின்றது, இலங்கை சிறிது காலம் டொலரோடும், பின்னர் பவுணோடும், 1976 இலிருந்து பல நாணயங்களின் கூட்டோடும் நின்றது. அந்த ஆண்டுகளுக்கு மாதவாரி அட்டவணை இல்லாமல் கணக்குப் பார்க்க முடியாது. மத்திய வங்கியின் பழைய ஆண்டறிக்கைகளின் புள்ளிவிபர இணைப்புகளைப் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். 1977 நவம்பர் 15 இல் நிதியமைச்சர் ரொனி டி மெல் தம் முதலாவது வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்தபோது இந்த இரட்டை வீதம் ஒழிந்து, டொலர் ஏறக்குறைய 16 ரூபாயில் மிதக்க விடப்பட்டது. இந்தியாவில் டொலர் அப்போது எட்டரை ரூபாயை ஒட்டி இருந்தது. நூறு இலங்கை ரூபாய்க்கு 53, 54 இந்திய ரூபாய் என்ற கணக்கு அப்படி வந்தது.

அன்றைக்கு ரூபாய் ஒரே இரவில் பாதியாகிவிட்டது என்று பலரும் சொல்வார்கள். நானும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைத் தினமும் கேட்டவன். மாவுக்கும் சீனிக்கும் அது ஏறக்குறைய உண்மை, ஏனெனில் அவை உத்தியோகபூர்வ விலையில் வந்தவை. உங்கள் அப்பப்பாவைப் போன்றவர்களுக்கு அது உண்மையல்ல. 1976 இல் உத்தியோகபூர்வ டொலர் சராசரியாக 8.40 ஐ ஒட்டி இருந்தது; அதன் மேல் 65 வீதச் சான்றிதழையும் சேர்த்தால் அவர் தந்தது ஏற்கனவே ஏறக்குறைய 13 ரூபாய் 90 சதம். 13.90 இலிருந்து 16 க்குப் போவதை வீழ்ச்சி என்று சொல்லலாம், பாதியாயிற்று என்று சொல்ல முடியாது. 1976 இன் அட்டவணையை மட்டும் பார்ப்பவர் இந்தியாவில் டொலர் 8.96, இலங்கையில் 8.40 என்று கண்டு, அப்போதும் நம் ரூபாய்தான் உயர்ந்தது என்று எழுதிவிடுவார். அந்த விலையில் உங்களுக்கும் எனக்கும் யாரும் செலாவணி தரவில்லை.

சாம்பல்தீவு மீண்டவர்

நான் வரலாறு படித்தவனல்ல. ஆனால் இந்த இரண்டு ரூபாய்களுக்கும் இடையில் அகப்பட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

1990 இல் சண்டை மூண்டபோது குடும்பத்தோடு மன்னார் வழியாக மண்டபம் முகாமுக்குப் போனோம். அப்போது நூறு இந்திய ரூபாய்க்கு இங்கே ஏறக்குறைய 230 ரூபாய். அம்மா உதவிப் பணத்திலும், நான் கட்டட வேலைக்குப் போய் வந்த கூலியிலும் மிச்சம் பிடித்து, ஊர் திரும்பினால் இரண்டு மாடு வாங்கலாம் என்று அந்த 230 ஐ வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 1991 ஜூலை 1 ஆம் திகதியும் 3 ஆம் திகதியுமாக இரண்டு படிகளில் இந்தியா தன் ரூபாயை இறக்கியது. டொலர் 21 ரூபாயிலிருந்து 26 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. முகாமில் இருந்த எங்களுக்கு அந்தச் செய்தியின் பொருள் விளங்கவில்லை. கடையில் அரிசி கொஞ்சம் ஏறியது என்பது மட்டும் தெரிந்தது. 1992 இல் திரும்பி வந்து மாற்றியபோது நூறுக்கு 160 கூடக் கிடைக்கவில்லை. ஒரு மாடுதான் வாங்கினோம்.

ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அட்டவணையில் இருப்பது வங்கி வீதம். எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் வங்கியில் மாற்றவில்லை. உண்டியல்காரரிடமோ, கடைத்தெருவில் மாற்றித் தருபவரிடமோதான் போனோம். செலாவணிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலங்களில் அந்த விலைக்கும் வங்கி விலைக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. அதை எந்த அறிக்கையிலும் தேட முடியாது. வாசகியின் கொப்பியில் வீதங்கள் சதம் பிசகாமல் இருப்பதே, அவருடைய அப்பப்பா முறையான வழியில் அனுப்பினார் என்பதற்குச் சாட்சி என்று நினைக்கிறேன்.

உட்துறைமுக வீதி

அண்மைக் காலத்தைப் பற்றிக் கேட்கப்படவில்லை; இருந்தாலும் மாமிமார் ஒப்பிட்டுக் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாகத் தருகிறேன். 2021 இல் இலங்கையில் டொலர் 200 ஐ ஒட்டிப் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. நூறு இந்திய ரூபாய்க்கு 270 என்று வைத்துக்கொள்ளலாம். 2022 மார்ச்சில் அந்தப் பிடி விடப்பட்டு, மே மாதத்தில் டொலர் 360 ஐ எட்டியபோது நூறு இந்திய ரூபாய் 460 ஐத் தாண்டியது. 2024 இறுதியில் அது 340 அளவுக்கு இறங்கிவிட்டது.

நான் எழுத வந்தது வேறு. இத்தனை பேர் இத்தனை கணக்குப் போட்டீர்கள், 4.6.1966 என்ன கிழமை என்று ஒருவரும் பார்க்கவில்லையா? கைப்பேசியில் பார்த்தேன். சனிக்கிழமை. இந்திய அறிவிப்பு வந்தது ஞாயிறு இரவு. அப்பப்பா எழுதியது கிரகத்தின் பெயரல்ல, கிழமையின் பெயர்.

சாம்பல்தீவு மீண்டவர்

தம்பி, பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமையில் பணம் கட்ட முடிந்திருக்குமா? அலுவலகம் பூட்டியிருக்காதா?

உவர்மலை ஓய்வாளர்

இது என் கண்ணில் படாமல் போனதற்கு வெட்கப்படுகிறேன். முடிந்திருக்கும். 1966 ஜனவரி முதல் 1971 வரை இந்த நாட்டில் சனியும் ஞாயிறும் வார விடுமுறைகளாக இருக்கவில்லை. சந்திரனின் நிலையை ஒட்டி வரும் போயா நாளும் அதற்கு முந்திய நாளுமே விடுமுறைகள். வாரம் சில வேளை ஏழு நாளாகவும் சில வேளை எட்டு நாளாகவும் இருக்கும். வெளிநாட்டு வங்கிகளுக்குத் தந்தி அடிக்கும் எங்களுக்கு அது பெரும் தலையிடி, ஏனெனில் நாங்கள் திறந்திருக்கும் நாளில் இலண்டன் பூட்டியிருக்கும். அந்த ஜூன் மாதம் பௌர்ணமி 3 ஆம் திகதி வந்தது. ஆகவே அதை ஒட்டிய விடுமுறை கழிந்து திறந்த முதல் வேலைநாள் 4 ஆம் திகதி, சனிக்கிழமை. காத்திருந்து அன்றைக்கே கட்டியிருக்கிறார்.

கட்டிய நாளிலேயே தொகை இந்திய ரூபாயில் எழுதப்பட்டுவிடும். பணம் இராமநாதபுரத்துக்குப் போய்ச் சேர ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகியிருக்கலாம். அதற்குள் வீதம் மாறினாலும் கையில் கிடைப்பது எழுதிய தொகைதான். அதே 200 ரூபாயைச் செவ்வாயோ புதனோ கட்டியிருந்தால் 315 போயிருக்கும்.

உப்புவெளி வாசகி

நேற்று மாலை மாமியைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, ஏழரைச் சனி என்று அப்பப்பா ஒருபோதும் சொன்னதில்லை என்றும், "சனியால் போன நூற்றுப் பதினைந்து" என்று அவர் சொல்லக் கேட்டு அப்பம்மாதான் கோயிலில் எள்ளெண்ணெய் விளக்கு எரித்து வந்தார் என்றும் சொன்னார். அப்பப்பா அதைத் திருத்தவில்லையாம்.

இரவு கொப்பியின் எல்லாப் பக்கங்களையும் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 1966 ஜூன் 4 வரை ஒன்பது பதிவுகள் சனிக்கிழமைகளில் உள்ளன. அதன் பிறகு 1978 வரை ஒன்றுகூட இல்லை.